இலவச மீட்பும் திருமுழுக்கின் கடமைகளும்: தடியத்தேவர் நிகழ்வு

இலவச மீட்பு என்பது, மனிதர் தம் பொருளாலோ தகுதியாலோ நற்செயலாலோ விலை கொடுத்துப் பெற முடியாத கொடையாகக் கடவுள் மீட்பை அளிக்கிறார் என்னும் கிறித்தவக் கோட்பாடு ஆகும். அதே கிறித்தவ மரபு, திருமுழுக்குப் பெற்றுத் திருச்சபையின் உறுப்பினர் ஆகிறவருக்குப் பல கடமைகளையும் வகுத்துள்ளது. ஒன்று இலவசம் என்றால் அதற்குக் கடமை எதற்கு என்ற கேள்வி இதனால் எழுகிறது. 1693-ஆம் ஆண்டில் மறவர் நாட்டில் சிறுவல்லித் தலைவர் தடியத்தேவர் பெற்ற திருமுழுக்கு, இக்கேள்விக்குத் தமிழக வரலாற்றில் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அதன் தொடர்ச்சியாகவே புனித அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் கொல்லப்பட்டார். இன்றைய சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கத்தோலிக்கக் கிறித்தவர்கள் இந்நிகழ்வைத் தங்கள் சமய வரலாற்றின் மையமாகக் கருதுகின்றனர்.

சொற்கள்

தமிழ்க் கிறித்தவர்களிடையே இக்கோட்பாட்டைக் குறிக்க இரண்டு வகைச் சொற்கள் வழங்குகின்றன. கத்தோலிக்கர் இன்று மீட்பு, அருள், திருமுழுக்கு, நம்பிக்கை என்னும் சொற்களைப் பயன்படுத்துகின்றனர். தென்னிந்தியத் திருச்சபை, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை போன்ற சீர்திருத்த மரபுச் சபைகளில் இரட்சிப்பு, கிருபை, ஞானஸ்நானம், விசுவாசம் என்னும் சொற்கள் பெருவழக்காக உள்ளன. சொற்கள் வேறுபட்டாலும் குறிக்கப்படும் பொருள் ஒன்றே. இக்கட்டுரையில் முதல்வகைச் சொற்கள் பயன்படுத்தப்படுகின்றன.

அருள் என்பது தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் அன்பையும் உதவியையும் குறிக்கும். மீட்பு என்பது பாவத்திலிருந்தும் அதன் விளைவான அழிவிலிருந்தும் விடுவிக்கப்பட்டுக் கடவுளோடு ஒன்றாவதாகும். திருமுழுக்கு என்பது ஒருவர் அந்த மீட்பில் பங்குபெறுவதையும் திருச்சபையில் சேர்வதையும் குறிக்கும் அருளடையாளம்.

இலவசம் என்பதன் பொருள்

புதிய ஏற்பாட்டில் தூய பவுல் உரோமையருக்கும் எபேசியருக்கும் எழுதிய திருமுகங்களில், மீட்பு கடவுளின் கொடை என்றும் எவரும் தம் செயல்களைக் காட்டிப் பெருமை கொள்ள இடமில்லை என்றும் விளக்குகிறார். எபேசியர் திருமுகத்தில் இக்கருத்தைச் சொன்ன உடனேயே, நற்செயல்கள் புரிவதற்காகவே மனிதர் இவ்வாறு புதிதாக உருவாக்கப்பட்டனர் என்றும் அவர் சேர்க்கிறார். யாக்கோபு திருமுகமோ செயல்கள் இல்லாத நம்பிக்கையை உயிரற்றது எனக் கண்டிக்கிறது. முதலில் கொடை, பின்னர் அக்கொடைக்கு ஏற்ற வாழ்வு என்ற வரிசை இவற்றால் கிடைக்கிறது.

லூக்கா நற்செய்தியில் வரும் சக்கேயுவின் நிகழ்ச்சி இவ்வரிசையை எளிதில் காட்டும். சக்கேயு வரி தண்டுவோரின் தலைவர், மக்களால் வெறுக்கப்பட்டவர். அவர் திருந்துவதற்கு முன்பே இயேசு அவருடைய வீட்டில் தங்கப் போவதாக அறிவிக்கிறார். அதன் பின்னரே சக்கேயு தம் உடைமைகளில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கூறுகிறார். அவர் திருப்பிக் கொடுத்தது இயேசுவின் வருகைக்குச் செலுத்திய விலை அன்று. அவ்வருகையால் விளைந்த மாற்றம். தம்மால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்வதும் அந்த மாற்றத்தில் அடங்கியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இலவசம் என்பதைத் திருச்சபை நடைமுறையிலும் காக்க முயன்றுள்ளது. திருத்தூதர் பணிகள் நூலில், தூய ஆவியை அளிக்கும் ஆற்றலைப் பணம் கொடுத்து வாங்க முயன்ற சீமோன் என்பவரைப் பேதுரு கடுமையாகக் கண்டிக்கிறார். திருப்பொருள்களை விற்பதும் வாங்குவதும் அவர் பெயராலேயே ஒரு தனிக் குற்றமாக வகைப்படுத்தப்பட்டது. 1983-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அருளடையாளங்களுக்கு அதிகாரம் பெற்றவர் வரையறுத்த காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது என்றும், வறுமையின் காரணமாக எவரும் அவற்றை இழக்கக் கூடாது என்றும் 848-ஆம் விதியில் கூறுகிறது.

செட்டிநாட்டிலிருந்து ஓர் ஒப்புமை

ஒன்றைச் சார்ந்திருப்பது என்றால் என்ன என்பதைச் செட்டிநாட்டின் வழக்கம் ஒன்றால் விளங்கிக் கொள்ளலாம். நகரத்தார் சமூகத்தினர் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றைச் சார்ந்தவர்கள். திருமணமானதும் கணவனும் மனைவியும் சேர்ந்து அக்கோயிலில் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கிடப்படுகின்றனர். அதன் பின்னர் அவர்கள் கோயிலுக்குப் புள்ளி வரி செலுத்துகின்றனர்.

புள்ளி வரி கட்டுவதால் ஒருவர் நகரத்தார் ஆவதில்லை. நகரத்தாராக இருப்பதால்தான் அவர் புள்ளி வரி கட்டுகிறார். வேறொருவர் அதைவிடப் பன்மடங்கு பணம் தந்தாலும் புள்ளியாக முடியாது. கிறித்தவக் கடமைகளும் இவ்வகையில் இதை ஒத்தவை. அவை உறவை வாங்கும் விலை அல்ல. உறவிலிருந்து பிறக்கும் பொறுப்பு. நகரத்தாரின் உறவு பிறப்பால் வருவது, திருச்சபையின் உறவு திருமுழுக்கால் வருவது என்பது இரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு. வளர்ந்த ஒருவர் திருமுழுக்குப் பெறும்போது அந்த உறவைத் தாமே தேர்ந்து கொள்கிறார். அப்போது அவருக்கு முன்பே இருந்த உறவுகள் என்னவாகும் என்ற கேள்வி எழுகிறது. தடியத்தேவர் நிகழ்வில் இக்கேள்வியே முதன்மை பெற்றது.

பின்னணி: மறவர் நாடும் அருளானந்தரும்

17-ஆம் நூற்றாண்டில் இன்றைய இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் பெரும்பகுதி சேதுபதி மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. ஐரோப்பிய மறைப்பணியாளர்கள் இப்பகுதியை மறவர் நாடு என்று குறிப்பிட்டனர். சிவகங்கைச் சீமை 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் தனி ஆட்சிப் பகுதியானது. தடியத்தேவர் வாழ்ந்த காலத்தில் இரகுநாத கிழவன் சேதுபதி ஆட்சியில் இருந்தார்.

ஜான் டி பிரிட்டோ 1647 மார்ச் 1 அன்று போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். சிறு வயதில் அரசவையில் வளர்ந்து, பின்னாளில் மன்னரான இரண்டாம் பேதுருவுக்குத் தோழராக இருந்தார். 1662-ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673-ல் கோவா வந்தடைந்து, அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்தில் பணியைத் தொடங்கினார். இம்மறைப்பணியை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியவர் தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் டி நோபிலி ஆவார். டி பிரிட்டோ அருளானந்தர் என்ற தமிழ்ப் பெயரை ஏற்றார். எல்லாச் சாதியினரையும் அணுகுவதற்கு வாய்ப்பளித்த பண்டாரசாமி முறையில், புலால் தவிர்த்துத் துறவியாக வாழ்ந்தார்.

1686-ல் மறவர் நாட்டில் அவரும் உபதேசியார்கள் சிலரும் கைது செய்யப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர். சேதுபதி அவரை நேரில் விசாரித்து விடுவித்தார். ஆனால் தம் நாட்டில் சமயம் போதிக்கக் கூடாது என்று தடை விதித்தார். அதன்பின் மறைப்பணித் தளத்தின் சார்பாளராக ஐரோப்பா அனுப்பப்பட்ட அருளானந்தர், அங்கேயே தங்குமாறு போர்ச்சுக்கல் மன்னர் விரும்பியும் மறுத்து, 1690-ல் இந்தியா திரும்பினார். தடை இருப்பதை அறிந்தே மீண்டும் மறவர் நாட்டுக்குள் நுழைந்தார்.

தடியத்தேவரின் நோயும் திருமுழுக்கும்

தடியத்தேவர் சேதுபதி அரச மரபோடு தொடர்புடையவர். அரசுரிமை கோரும் தகுதி உடையவராகவும் கருதப்பட்டவர். இயேசு சபையினரின் பதிவுகளின்படி, அவர் கடும் நோயுற்றபோது மருத்துவம் பயன் தரவில்லை. அவர் அருளானந்தருக்கு ஆள் அனுப்பினார். அருளானந்தர் உடனே தாமே செல்லாமல் உபதேசியார் ஒருவரை அனுப்பினார். உபதேசியார் நற்செய்தியை வாசித்து வேண்டினார். தடியத்தேவர் நலம் பெற்றார். இதனால் அவர் திருமுழுக்குப் பெற விரும்பினார்.

இங்குக் கவனிக்க வேண்டியது நிகழ்ச்சிகளின் வரிசை. நோயாளிக்காக வேண்டுவதற்கு முன் அவரிடம் எந்த நிபந்தனையும் விதிக்கப்படவில்லை. நலம் பெற்றதற்குக் கைம்மாறாகத் திருமுழுக்கும் கேட்கப்படவில்லை. அவரே திருமுழுக்கை வேண்டியபோதுதான் கடமை பற்றிய பேச்சு எழுந்தது.

அக்காலத்துத் தலைவர்கள் பலரைப் போலத் தடியத்தேவரும் மனைவியர் பலரை மணந்திருந்தார். அரசியல் உறவுகளை உறுதி செய்துகொள்ளும் வழியாகவும் இத்திருமணங்கள் அமைந்தன. கிறித்தவராக வாழ விரும்பினால் ஒரே மனைவியுடன் மட்டுமே வாழ வேண்டும் என்று அருளானந்தர் விளக்கினார். தலைவர் என்பதற்காக இதில் விலக்கு அளிக்கவில்லை. இத்தகைய ஒருவர் கிறித்தவர் ஆவது மறைப்பணிக்குப் பெரும் பாதுகாப்பாக அமைந்திருக்கும். அப்படியிருந்தும் திருமுழுக்குக்குரிய ஒழுங்கு தளர்த்தப்படவில்லை.

தடியத்தேவர் இதற்கு இசைந்தார். முதல் மனைவியை மட்டும் ஏற்றுக்கொண்டு, மற்றவர்களைச் சகோதரிகளாகக் கருதி அவர்களுக்கு வேண்டியதைத் தருவதாகக் கூறினார் என்று மரபு வரலாறு சொல்கிறது. 1693 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று, அவரும் ஏறத்தாழ 200 பேரும் திருமுழுக்குப் பெற்றனர்.

கடலாயியின் முறையீடும் ஓரியூர் தண்டனையும்

விலக்கப்பட்ட மனைவியருள் இளையவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அவர் பெயர் கடலாயி என்று மரபு வரலாறு குறிப்பிடுகிறது. அவர் சேதுபதியிடம் சென்று முறையிட்டார். மன்னருக்கு இது குடும்பத்துக்கு நேர்ந்த அவமதிப்பாகவும், தாம் விதித்த தடையை மீறிய செயலாகவும் தோன்றியது. அரசுரிமைக்குப் போட்டியாளராகக் கூடிய ஒருவர் புதிய சமயத்தாரின் ஆதரவைப் பெறுவதும் அவருக்குக் கவலை அளித்திருக்கக் கூடும்.

திருமுழுக்கு நடந்து இரண்டு நாள்களில், ஜனவரி 8 அன்று அருளானந்தர் கைது செய்யப்பட்டார். இராமநாதபுரம் கொண்டு செல்லப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். பின்னர் சேதுபதியின் உடன்பிறந்தவரான உடையத்தேவரின் பொறுப்பில் இருந்த ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து தம் சபையினருக்கு மடல் எழுதினார். 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன் அன்று, ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டு உயிர் நீத்தார்.

1853-ல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அவருக்கு அருளாளர் பட்டமும், 1947 ஜூன் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புனிதர் பட்டமும் அளித்தனர்.

விலையா, விளைவா?

இந்நிகழ்வை இரு வகையாகப் புரிந்துகொள்ள முடியும். மனைவியரை விலக்கியது திருமுழுக்குக்குத் தடியத்தேவர் கொடுத்த விலை என்பது ஒரு பார்வை. அப்படியானால் மீட்பு இலவசம் அன்று. நிபந்தனையோடு வந்த ஒன்று. மற்றது, திருமுழுக்கு என்பது ஒரு புதிய வாழ்வுக்குள் நுழைவது, அவ்வாழ்வின் ஒழுங்கை ஏற்க மனமில்லாதவர் உண்மையில் அதற்குள் நுழைய விரும்பவில்லை என்பது. கிறித்தவ இறையியல் இரண்டாவது பார்வையையே கொண்டுள்ளது. திருமண நாளில் மணமக்கள் ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பதாக வாக்களிப்பதை, மணத்துக்குக் கொடுக்கும் கட்டணம் என்று எவரும் சொல்வதில்லை. அந்த வாக்குறுதியே மணம் என்பதன் பொருள்.

இயேசுவும் தம்மைப் பின்பற்ற விரும்புவோர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறார். கோபுரம் கட்ட விரும்புபவர் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் உவமை லூக்கா நற்செய்தியில் உள்ளது. ஜெர்மானிய லுத்தரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-ல் வெளியிட்ட நூலில், வாழ்வில் எந்த மாற்றத்தையும் கோராத அருளை மலிவான அருள் என்று விமர்சித்தார். அருள் இலவசமானது, ஆனால் மலிவானது அன்று என்பது அவர் கருத்தின் சுருக்கம். நாசி ஆட்சியை எதிர்த்த அவர் 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார்.

விலக்கப்பட்ட பெண்கள்

இக்கோட்பாட்டு விளக்கம் தடியத்தேவரைப் பொறுத்தவரை நிறைவு தரலாம். அருளானந்தரும் தாம் ஏற்றதன் விளைவை அறிந்தே ஏற்றார். விலக்கப்பட்ட மனைவியரின் நிலை அத்தகையது அன்று. அவர்கள் ஊர் அறிய மணந்தவர்கள். தவறு ஏதும் செய்யாதவர்கள். தங்கள் கணவர் திருமுழுக்குப் பெறுவது பற்றி முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஒருவர் இலவசமாகப் பெற்ற கொடைக்காக, அதைக் கேளாத வேறு சிலர் தம் இடத்தையும் மதிப்பையும் இழந்தனர். மறைசாட்சி வரலாறுகளில் கடலாயி பெரும்பாலும் பழிவாங்கிய பெண்ணாகவே சித்திரிக்கப்படுகிறார். மன்னரிடம் முறையிடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி என்ன இருந்தது என்பதையும் வரலாற்றைப் படிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது மறவர் நாட்டில் மட்டும் எழுந்த சிக்கல் அன்று. அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா எங்கும் மறைப்பணியாளர்கள் இதை எதிர்கொண்டனர். 1537-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல், முதலில் மணந்தவர் யார் என்று நினைவில் இல்லாத ஒருவர் மனைவியருள் ஒருவரைத் தேர்ந்து கொள்ளலாம் என அனுமதித்தார். 1571-ல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ், தம்மோடு திருமுழுக்குப் பெறும் மனைவியை ஒருவர் தம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்றார். இவ்விரு ஆணைகளும் எந்தத் திருமணம் செல்லும் என்பதைப் பற்றியவையே.

1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு இவற்றோடு மற்றொரு கடமையையும் சேர்த்துக் கூறுகிறது. அதன் 1148-ஆம் விதியின்படி, பல மனைவியருடன் திருமுழுக்குப் பெறும் ஒருவர், முதல் மனைவியுடன் தொடர்வது கடினமானால் மற்றவர்களுள் ஒருவரை ஏற்கலாம். பல கணவர்களை உடைய பெண்ணுக்கும் இதே விதி பொருந்தும். அதோடு, முதல் மனைவி உள்ளிட்ட விலக்கப்பட்டவர்களின் தேவைகள் நீதி, கிறித்தவ அன்பு, இயற்கை நியாயம் ஆகியவற்றின்படி போதுமான அளவு நிறைவேற்றப்படுவதை ஆயர் உறுதி செய்ய வேண்டும். விலக்கப்பட்டவர்களைக் காப்பது திருமுழுக்குப் பெறுபவரின் தனிப்பட்ட பெருந்தன்மை என்ற நிலை மாறி, திருச்சபை கண்காணிக்க வேண்டிய கடமையாக இங்கு வரையறுக்கப்பட்டுள்ளது.

ஆங்கிலிக்கன் சபைகள் வேறு வழியில் சென்றன. 1888-ல் கூடிய இலாம்பெத் மாநாடு, பலதார மணத்தில் வாழும் ஆண்களுக்குத் திருமுழுக்குக் கொடுக்கக் கூடாது. அந்நிலை மாறும்வரை அவர்களைப் பயிற்சியில் வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின் 1988-ல் கூடிய மாநாடு இதை மாற்றியது. அத்தகையவர் தம் மனைவியர், பிள்ளைகளோடு திருமுழுக்குப் பெறலாம். இனி வேறு மணம் செய்துகொள்ளக் கூடாது. விலக்கப்படும் பெண்கள் சமூகத்தில் அடையும் இழப்பைக் கருதி, அவர்களை விலக்குமாறு கணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் தீர்மானம். உள்ளூர்க் கிறித்தவச் சமூகத்தின் இசைவும் இதற்கு வேண்டும்.

இரு மரபுகளும் ஒருதார மணமே கிறித்தவ நெறி என்பதில் ஒன்றுபடுகின்றன. அந்நெறியின் சுமையை யார் தாங்குவது என்பதில்தான் வேறுபடுகின்றன. சக்கேயு பிறருக்கு ஈடு செய்ததை நினைவில் கொண்டால், ஒருவருடைய மனமாற்றத்தின் செலவைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு அதை முழுமையான மனமாற்றம் என்று சொல்ல முடியாது என்பது விளங்கும்.

சபைகளிடையே எழுந்த விவாதம்

மீட்பு இலவசமா, செயல்களும் வேண்டுமா என்ற கேள்வி ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டில் திருச்சபையையே பிரித்தது. 1517-ல் மார்ட்டின் லூதர், தண்டனைக் குறைப்புக்காகப் பணம் பெறும் பழக்கத்தை எதிர்த்தார். மனிதர் நம்பிக்கையால் மட்டுமே கடவுளுக்கு ஏற்புடையவர் ஆகின்றனர் என்பது அவருடைய போதனையின் மையம். திரெந்து பொதுச்சங்கம் 1547-ல் இதற்கு மறுமொழியாக வெளியிட்ட ஆணை, அருள் இல்லாமல் எவரும் மீட்புப் பெற முடியாது என்று ஏற்றது. ஆனால் மனிதர் தம் விருப்பத்தோடு அந்த அருளுடன் ஒத்துழைக்கின்றனர் என்றும் வலியுறுத்தியது.

இவ்விரு போக்குகளும் தமிழகத்துக்கு வந்தன. மதுரை மறைப்பணியாளர்கள் திரெந்து சங்கத்தின் போதனையைக் கொண்டு வந்தனர். 1706-ல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்க் லூதரின் போதனையைக் கொண்டு வந்தார். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் இது பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதர் தம் தகுதியால் அன்றி அருளாலேயே ஏற்கப்படுகின்றனர் என்றும், நற்செயல்கள் அதன் கனிகள் என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. பின்னர் மெதடிஸ்ட் சபைகள் 2006-லும், சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு 2017-லும் இதில் இணைந்தன.

இன்றைய கடமைகள்

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் உறுப்பினருக்குரிய குறைந்த அளவுக் கடமைகளாக ஐந்து ஒழுங்குகளைத் தருகிறது. ஞாயிறு மற்றும் கடன் திருநாள்களில் திருப்பலியில் பங்கேற்றல், ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவ அறிக்கை செய்தல், பாஸ்கா காலத்தில் நற்கருணை பெறுதல், குறித்த நாள்களில் நோன்பு இருத்தல், திருச்சபையின் தேவைகளுக்கு உதவுதல் ஆகியன அவை. சட்டத் தொகுப்பின் 222-ஆம் விதி, சமூக நீதியை வளர்ப்பதும் தம் வருவாயிலிருந்து ஏழைகளுக்கு உதவுவதும் கடமை என்று கூறுகிறது.

குழந்தைத் திருமுழுக்கில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தைக்காக வாக்களிக்கின்றனர். குழந்தை எதையும் செய்வதற்கு முன்பே ஏற்கப்படுவதால், கொடையின் இலவசத் தன்மை இதில் நன்கு வெளிப்படுகிறது. வளர்ந்த பின் உறுதிப்பூசுதலின்போது, அல்லது சீர்திருத்த மரபில் திடப்படுத்தலின்போது, அந்த வாக்குறுதியை அவர் தம் சொந்தப் பொறுப்பாக ஏற்கிறார்.

ஊர்ப்புறங்களில் கோயில் வரி கட்டாத குடும்பத்துக்கு மந்திரிப்பும் அடக்கமும் மறுக்கப்படலாம் என்ற எண்ணம் சிலரிடம் உள்ளது. மேலே கண்ட 848-ஆம் விதியின்படி வறுமையைக் காரணம் காட்டி அருளடையாளங்களை மறுக்க முடியாது. வரி என்பது குடும்பமாகச் சேர்ந்து சுமக்கும் பொறுப்பு. அருளின் விலை அன்று.

சாதியும் இத்தகைய ஒரு கேள்வியே. திருமுழுக்கில் யூதர், கிரேக்கர், அடிமை, உரிமைக் குடிமகன் என்ற வேறுபாடு இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார். ஒருவர் தகுதியின்றிப் பெற்ற கொடையைக் கொண்டு, மற்றவரைத் தகுதியற்றவர் என ஒதுக்க இடமில்லை என்பதே இதன் பொருள். ஆயினும் தமிழகக் கிறித்தவர்களிடையே தனிக் கல்லறை, தனி இருக்கை போன்ற சாதிப் பிரிவினைகள் நீண்ட காலம் இருந்துவந்தன. இன்றும் முழுமையாக மறையவில்லை.

நாட்டின் சட்டமும் ஒரு செலவைச் சேர்க்கிறது. 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறித்தவத்துக்கு மாறியவர்கள் அந்த உரிமையை இழக்கின்றனர். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். இதனால் கிறித்தவத்தில் சேர்வதன் செலவு ஒரு தலைவருக்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை.

நினைவிடம்

ஓரியூர் இன்று இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில் உள்ளது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாக அங்குச் செல்லலாம். அருளானந்தர் கொல்லப்பட்ட இடம் செம்மண் பகுதியாக உள்ளது. அவர் இரத்தத்தால் மண் சிவந்தது என்று மக்கள் நம்புகின்றனர். கிறித்தவர் அல்லாதோரும் இங்கு வந்து வேண்டிச் செல்கின்றனர். தேவகோட்டையில் இயேசு சபையினர் நடத்தும் மேல்நிலைப் பள்ளி தே பிரித்தோவின் பெயரைத் தாங்கியுள்ளது. 1987-ல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட சிவகங்கை மறைமாவட்டம், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய இரு வருவாய் மாவட்டங்களையும் உள்ளடக்கியது. அருளானந்தர் திருநாள் ஆண்டுதோறும் பிப்ரவரி 4 அன்று கொண்டாடப்படுகிறது.

இந்நினைவுகள் பெரும்பாலும் கொல்லப்பட்டவரையே மையமாகக் கொண்டவை. திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவருக்கும், அதனால் வீட்டை இழந்த பெண்களுக்கும் அங்கு உள்ள இடம் மிகச் சிறியது. இலவசமாகப் பெற்றவர் தம்மைச் சார்ந்தவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்விக்கு, 1983-ஆம் ஆண்டின் விதியும் 1988-ஆம் ஆண்டின் தீர்மானமும் காலந்தாழ்ந்து கிடைத்த விடைகளாகும்.